எந்த அமிலத்துக்கு வலிமை அதிகம்?

சித்திரபுரம் கடைத்தெருவில் ஒரு கட்டன் சாயா வாங்கி, அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். செம்மண் கரைத்தது போல் இருந்த சாயா, நாலு சொட்டு விழுந்தவுடனே வெளுத்துப் பொன்னிறமாகிவிடும். தண்ணீர் சேர்ந்ததால் வெளுத்தது என்று சொல்ல முடியாது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. தேயிலைக்கு நிறம் கொடுக்கும் தியாரூபிஜின் என்னும் பொருள்கள் மிக மெலிந்த அமிலங்கள். தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை இழந்து நிற்கும்போது அவை கருத்திருக்கும். அது திரும்பக் கிடைத்தால் வெளிறிவிடும். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் அந்த ஹைட்ரஜன் அயனியை அவற்றுக்குக் கொடுக்கிறது. வினிகர் விட்டாலும் இதேதான் நடக்கும், குடிக்கத்தான் முடியாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டாலோ நேர் எதிராகச் சாயா கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

யார் கொடுப்பது, யார் வாங்குவது என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் இரசாயனத்தில் அமிலத்தின் வலிமை என்கிறோம். தன் ஹைட்ரஜன் அயனியைச் சுலபமாக விட்டுக்கொடுப்பது வலிய அமிலம். இறுக்கிப் பிடித்துக்கொள்வது மெலிந்த அமிலம். அவ்வளவுதான் இலக்கணம். நாக்கில் எவ்வளவு புளிக்கிறது, தோலை எவ்வளவு சுடுகிறது, புட்டியில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது என்பதெல்லாம் வேறு வேறு கேள்விகள். இவற்றை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கட்டுரையே தேவைப்படுகிறது.

நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இன்றும் மாலை வேளையில் பிளஸ் டூ பிள்ளைகள் சிலர் புத்தகத்தோடு வருகிறார்கள். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழுமாக வளர்கிறவர்கள். "கார்பாக்சிலிக் அமிலங்களை வலிமை வரிசையில் எழுதுக" என்ற கேள்வியைப் பார்த்ததும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்து விடுகிறார்கள். மனப்பாடம் செய்ய அதில் ஒன்றுமே இல்லை. சமையலறையிலும் ரப்பர் புரையிலும் அந்த வரிசை முழுவதும் இருக்கிறது. பெற்றோர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கார்பாக்சிலிக் அமிலம் என்பது பெரிய குடும்பம். எறும்பின் பார்மிக் அமிலம், வினிகரின் அசிட்டிக் அமிலம், தயிரின் லாக்டிக் அமிலம், புளியின் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், ஊசிப்போன வெண்ணெயில் நாறும் பியூட்டிரிக் அமிலம் எல்லாம் பங்காளிகள். ஒரு கரி அணு, அதில் இரண்டு ஆக்சிஜன், ஒரு ஆக்சிஜனின் தோளில் ஒரு ஹைட்ரஜன். இதுதான் குடும்ப அடையாளம். இதற்குக் கார்பாக்சில் தொகுதி என்று பெயர். அந்த ஹைட்ரஜன் அயனியாகக் கழன்று போகும்போது, பின்னால் ஓர் எதிர்மின் சுமை தங்கிவிடுகிறது. அந்தச் சுமையை நிம்மதியாகச் சுமக்க முடிகிற மூலக்கூறு, ஹைட்ரஜனைச் சீக்கிரம் விடும். சுமக்கத் திணறுகிற மூலக்கூறு விடாது. வலிமையைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் திறவுகோல் இது ஒன்றுதான்.

சாராயத்திலும் ஆக்சிஜன் தோளில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஆனாலும் அது அமிலம்போல் நடந்துகொள்வதில்லை. அதில் சுமை ஒரே ஆக்சிஜன் மேல் விழுகிறது. கார்பாக்சில் தொகுதியில் இரண்டு ஆக்சிஜன்கள் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒற்றைத் தோளில் மூட்டை தூக்குவதற்கும், காவடி கட்டி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம். பீனால் நடுவில் நிற்கிறது. அதில் சுமை வளையத்துக்குள் கொஞ்சம் பரவினாலும், கரி அணுக்களுக்கு ஆக்சிஜன் அளவுக்குச் சுமக்கும் திறமை கிடையாது.

வலிமையை அளக்க இரசாயனக்காரர்கள் பி.கே.ஏ. என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். எண் குறையக் குறைய வலிமை கூடும். ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு, இரண்டு குறைந்தால் நூறு மடங்கு. நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டர் அளவுபோல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்கிறது, திசை மட்டும் தலைகீழ். அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. பார்மிக் அமிலத்துக்கு 3.75. ஆக, பார்மிக் பத்து மடங்கு வலியது. பீனால் சுமார் 10. சமையல் சோடாவிலிருந்து வரும் கார்பானிக் அமிலம் 6.35. அதனால்தான் வினிகரைச் சமையல் சோடாவில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பொங்குகிறது, பீனாலை ஊற்றினால் பொங்குவதில்லை. செய்முறைத் தேர்வில் கார்பாக்சிலிக் அமிலத்தைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். எது அதிகமாகப் பொங்குகிறது என்று பார்த்துப் பார்மிக்கா அசிட்டிக்கா எது வலியது என்று முடிவு கட்ட முடியாது. இரண்டுமே கார்பானிக்கை விட வலியவை என்பதால் இரண்டும் பொங்கும்.

எண்களை மனிதர்களாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் என்ற அளவில் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்வோம். ஆயிரம் அசிட்டிக் மூலக்கூறுகளில் சுமார் 13 மட்டுமே ஹைட்ரஜனைக் கொடுத்திருக்கும். பார்மிக்கில் சுமார் 41. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆயிரமும் கொடுத்துவிடும். பத்து மடங்கு வலிமை என்று சொல்லிவிட்டு 13-க்கும் 41-க்கும் மூன்று மடங்குதானே வித்தியாசம் என்று ஒரு மாணவி மடக்கினாள். நல்ல கேள்வி. கொடுத்தவர்கள் எண்ணிக்கை கூடக்கூட, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் எண்ணிக்கை, வலிமையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். பத்தின் வர்க்கமூலம் மூன்றுக்குச் சற்று மேல்.

இனி ரப்பருக்கு வருகிறேன். சித்திரபுரம் உயரமான இடம், இங்கே தேயிலையும் ஏலமும்தான். அடிமாலி தாண்டி, நேரியமங்கலம் பாலத்தைக் கடந்து கோதமங்கலம் பக்கம் இறங்கினால் இருபுறமும் ரப்பர் மரம். அந்தப் பக்கத்துத் தட்டேக்காட்டில்தான் 1902-ல் இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் போட்டார்கள். எங்கள் மலையிலிருந்து இறங்கிப்போய் ரப்பர் வெட்டும் வேலையிலும் ஷீட் அடிக்கும் வேலையிலும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் கைகளில் தினமும் புழங்குவது இந்தப் பார்மிக் அமிலம்தான்.

மரத்திலிருந்து வடியும் ரப்பர் பால் ஏறக்குறைய நடுநிலையானது. அதில் மிதக்கும் ரப்பர்த் துளிகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த உறை இருக்கிறது. அந்த உறையிலுள்ள எதிர்மின் சுமை, துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி போய் அந்தச் சுமையைத் தீர்த்துவிட்டால் துளிகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். பாலில் மோர் விட்டுத் தயிராக்குகிற அதே சங்கதி. இதற்குப் பாலின் பி.எச். 5-க்குக் கீழே இறங்க வேண்டும்.

இங்கேதான் வலிமையின் கணக்கு பணத்தில் தெரிகிறது. பி.எச். சுமார் 4.75 என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. எண்ணும் கிட்டத்தட்ட அதுவேதான். அப்படிச் சமமாக இருந்தால் சரிபாதி மூலக்கூறுகள் மட்டுமே ஹைட்ரஜனைக் கொடுத்திருக்கும் என்பது விதி. மறுபாதி சும்மா இருக்கும். அதே இடத்தில் பார்மிக் மூலக்கூறுகள் பதினொன்றில் பத்து கொடுத்து முடித்திருக்கும். இத்தோடு பார்மிக் எடை குறைந்த மூலக்கூறு. 46 கிராம் பார்மிக்கில் எத்தனை மூலக்கூறுகள் உண்டோ, அத்தனைக்கு 60 கிராம் அசிட்டிக் வேண்டும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஒரு கிலோ சுத்தமான பார்மிக் செய்கிற வேலைக்குச் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ அசிட்டிக் தேவை என்று வருகிறது. இது தாளில் போட்ட கணக்கு. புரையில் பாலின் கெட்டி, அதில் கலந்த அம்மோனியா, அன்றே ஷீட் அடிப்பதா மறுநாளா என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆனாலும் கடைக்காரர் இரண்டு அமிலத்துக்கும் விலை சொல்லும்போது, லிட்டர் விலையை மட்டும் பார்த்து அசிட்டிக்தான் மலிவு என்று வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் விட வலிய கந்தக அமிலத்தை ஊற்றினால் இன்னும் மலிவாக முடியுமே என்று தோன்றும். சிலர் ஊற்றவும் செய்கிறார்கள். அது ரப்பருக்குக் கேடு. பார்மிக்கும் அசிட்டிக்கும் ஆவியாகக் கூடியவை. பார்மிக் 101 டிகிரியிலும் அசிட்டிக் 118 டிகிரியிலும் கொதிக்கும். ஷீட்டைக் கழுவிப் புகையில் உலர்த்தும்போது மிச்சமிருப்பது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். கந்தக அமிலம் போகாது. ஷீட்டுக்குள்ளேயே தங்கி, உலர்வதைத் தாமதமாக்கும், ரப்பரையும் கெடுக்கும், ரோலர் இரும்பையும் அரிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. மெலிந்த அமிலம் தன் கையிருப்பை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. பாலில் உள்ள அம்மோனியாவும் புரதமும் ஹைட்ரஜன் அயனியை வாங்க வாங்க, மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கும். அதனால் கட்டி ஒரே சீராக விழுகிறது. கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியம் விவசாயிகளுக்குப் பார்மிக்கையும் அசிட்டிக்கையும் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். இந்த வேலைக்குத் தேவை நடுத்தர வலிமை.

ஏன் பார்மிக் பத்து மடங்கு வலியது என்பதை இன்னும் சொல்லவில்லை. பார்மிக்கில் கார்பாக்சிலின் பக்கத்தில் இருப்பது வெறும் ஹைட்ரஜன். அசிட்டிக்கில் அந்த இடத்தில் மீதைல் தொகுதி. மீதைல் தன் எலெக்ட்ரானைக் கார்பாக்சில் பக்கம் தள்ளும் சுபாவம் உடையது. ஏற்கெனவே எதிர்மின் சுமையோடு நிற்கிறவன் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றிவைக்கிற அண்டைவீட்டுக்காரன் மாதிரி. குளோரின் இதற்கு நேர்மாறு. எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துச் சுமையைக் குறைத்துவிடும். அசிட்டிக் அமிலத்தில் ஒரு குளோரின் வைத்தால் பி.கே.ஏ. 2.87. மூன்று வைத்தால் 0.66. முன்பு சொன்ன அதே அளவில் கரைத்தால் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தின் ஆயிரம் மூலக்கூறுகளில் முக்கால்வாசி ஹைட்ரஜனைக் கொடுத்திருக்கும். தோல் மருத்துவர்கள் மருவைச் சுடுவதற்குத் தொட்டு வைப்பது இதைத்தான்.

அண்டைவீடு என்றேன் அல்லவா, தூரம் போகப் போக உதவியும் குறையும். பியூட்டிரிக் அமிலத்துக்கு 4.82. குளோரினைக் கார்பாக்சிலுக்கு மிக அருகிலுள்ள கரியில் வைத்தால் 2.86. அடுத்த கரிக்குத் தள்ளினால் 4.05. அதற்கும் அடுத்த கரியில் 4.52. மூன்று வீடு தள்ளியிருக்கும் உறவினரால் அடுப்பில் வைத்த குழம்பைப் பார்த்துக்கொள்ள முடியாதல்லவா, அந்த மாதிரி.

இதைச் சமையலறையில் பார்க்கலாம். தயிரின் லாக்டிக் அமிலம் என்பது புரோப்பியானிக் அமிலத்தின் அருகில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்ததுதான். அந்த ஒரு சேர்க்கையால் 4.87 என்பது 3.86 ஆகிறது, அதாவது பத்து மடங்கு. ஆக்சிஜனும் குளோரின்போல் இழுக்கும் சாதி. புளியின் டார்டாரிக் அமிலத்தில் இரண்டு கார்பாக்சில், இரண்டு ஹைட்ராக்சில். அதன் முதல் ஹைட்ரஜனுக்குச் சுமார் 3.0. சிட்ரிக் அமிலத்துக்கு முதல் ஹைட்ரஜன் 3.13. வீட்டுப் புளிப்புகளில் வினிகர்தான் வலிமையில் கடைசி. ஆனாலும் நாக்கில் சுரீரென்கிறது. நாக்கு ஏற்கெனவே வெளியே வந்த ஹைட்ரஜனை மட்டும் எண்ணுவதில்லை, மூட்டையில் இருக்கும் கையிருப்பையும் உணர்கிறது. ஒரே பி.எச். உள்ள வினிகரையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கையும் ஒப்பிட்டால் வினிகர்தான் அதிகம் புளிக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டில் சோதிக்க வேண்டாம்.

கேரளத்து மீன்குழம்பில் போடும் குடம்புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வருகிற உறவினர்கள், கறுத்துச் சுருங்கிய அந்தத் தோலைப் பார்த்து இது என்ன புளி என்று கேட்பார்கள். அதிலுள்ளது டார்டாரிக் என்றும் சிட்ரிக் என்றும் முன்பு எழுதி வந்தார்கள். 1965-ல் லூயிஸ், நீலகண்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று நிறுவினார்கள். சிட்ரிக்கின் மேல் இன்னொரு ஹைட்ராக்சில். நம் பக்கத்துப் புளியில் டார்டாரிக், மலையாளத்துப் புளியில் ஹைட்ராக்சி சிட்ரிக். எங்கள் வீட்டில் சாம்பாருக்கு ஒன்று, மீனுக்கு மற்றது என்று சமரசம் ஆகி வெகுகாலமாயிற்று.

பிள்ளைகளுக்காக இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறேன். பென்சாயிக் அமிலம் 4.20, அசிட்டிக்கை விட வலியது, பார்மிக்கை விட மெலிந்தது. பென்சீன் வளையம் எலெக்ட்ரானைக் கொடுக்கும் என்று படித்துவிட்டு, அப்படியானால் அது அசிட்டிக்கை விட மெலிந்திருக்க வேண்டுமே என்று குழம்புவார்கள். வளையத்தின் கரி அணு இரட்டைப் பிணைப்பில் இருப்பதால், மீதைல் கரியை விட எலெக்ட்ரானை இறுக்கிப் பிடிக்கும். அந்த இழுப்பு வென்றுவிடுகிறது. வளையத்தின் மறுகோடியில் நைட்ரோ வைத்தால் 3.44, மீத்தாக்சி வைத்தால் 4.47. இன்னொன்று, சங்கிலி நீள நீள அமிலம் மெலியும் என்று எழுதுவது தேர்வுக்குச் சரி. ஆனால் புரோப்பியானிக் 4.87, பியூட்டிரிக் 4.82 என்பதைப் பார்த்தால், விதி இரண்டு படிக்குமேல் ஓடவில்லை என்பது தெரியும். தண்ணீரே இல்லாமல் வாயு நிலையில் அளந்தால் புரோப்பியானிக், அசிட்டிக்கை விடச் சற்று வலியதாகவே இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் சின்ன அயனியைச் சுற்றி நன்றாக நெருங்கி அணைத்துக்கொள்வதால்தான் தண்ணீரில் அசிட்டிக்குக்கு அந்தச் சலுகை. பாடநூல் இதைச் சொல்லாமல் மீதைல் தள்ளுகிறது என்று முடித்துக்கொள்கிறது. மதிப்பெண்ணுக்கு அது போதும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இதையும் சொல்லி வையுங்கள்.

பெற்றோர்களுக்கு என்று சொன்னேனே, அது இப்போது. பாடத்தில் பார்மிக், அசிட்டிக் இரண்டுக்கும் மெலிந்த அமிலம் என்றுதான் பெயர். வினிகரும் மெலிந்த அமிலம், ரப்பர் ஆசிட்டும் மெலிந்த அமிலம் என்று படித்த பிள்ளை, இரண்டும் ஒன்றுபோல என்று நினைத்துவிடக் கூடாது. வினிகரில் அமிலம் சுமார் 4 சதவீதம். ரப்பர் ஆசிட்டாக விற்கும் பார்மிக் பெரும்பாலும் 85 சதவீதம். வலிமை வேறு, செறிவு வேறு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சில்லறையாக வாங்கி வந்த ரப்பர் ஆசிட்டைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி அடுக்களை மூலையில் வைத்திருந்தார்கள். நாலு வயதுப் பையன் வாயில் வைத்துவிட்டான். உதடும் நாக்கும் வெந்ததோடு தப்பியது அவன் அதிர்ஷ்டம். உள்ளே போயிருந்தால் உணவுக்குழல் வெந்து, இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வரை பாதித்திருக்கும். கேரளத்து ரப்பர் பகுதிகளில் இந்த அமிலம் செய்கிற சேதத்தைப் பற்றி மருத்துவர்கள் 1980-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

தோலில் பட்டால் உடனே துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவிவிட்டு, தாமதமில்லாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அமிலத்தை முறிக்கிறேன் என்று சமையல் சோடாவைத் தேய்க்கக் கூடாது, முறியும்போது நுரை உண்டாகும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, வந்த வழியிலேயே இன்னொரு முறை சுடும். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஹைட்ரஜனைக் கொடுத்த பிறகு மிச்சமிருக்கும் பகுதி என்ன செய்கிறது என்பது. வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். விஷச்சாராயம் குடித்து மக்கள் செத்தார்கள், கண் போயிற்று என்று படிக்கிறோம். 1982 ஓணத்தின்போது வைப்பினில் 70-க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதில் கலந்திருக்கும் மெத்தனாலைக் கல்லீரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. சாதாரண மதுவை அது அசிட்டிக் அமிலமாக மாற்றும். அதை உடல் எரித்துக் கரியமில வாயுவும் தண்ணீருமாக்கிவிடும். பார்மிக்கை அப்படி வேகமாக எரிக்க உடலுக்கு வகையில்லை. தேங்கித் தேங்கி, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அது முடக்குகிறது. கண் நரம்பு முதலில் விழும்.

மருத்துவர் அப்போது என்ன செய்கிறார் தெரியுமா? மெத்தனால் மாறுவதைத் தடுக்கும் மாற்று மருந்தோடு, நம் சமையல் சோடாவின் அதே பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றுகிறார். காரணம் அந்த 3.75 என்ற எண்தான். இரத்தத்தின் பி.எச். 7.4 ஆக இருக்கும்போது, சுமார் 4,500 பார்மிக் மூலக்கூறுகளில் ஒன்றுதான் ஹைட்ரஜனோடு முழுசாக இருக்கும். மற்றவை சுமையேறிய அயனிகள், அவை உயிரணுச் சவ்வை எளிதில் தாண்டாது. பி.எச். 7.0-க்கு இறங்கிவிட்டால் சுமார் 1,800-ல் ஒன்று முழுசாக இருக்கும். அதாவது கண்ணுக்கும் மூளைக்கும் நுழையக் கூடியது இரண்டரை மடங்காகிவிடும். பைகார்பனேட் கொடுத்து பி.எச். எண்ணை உயர்த்தினால் கதவு திரும்பச் சாத்தப்படுகிறது. பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கும் அந்தச் சூத்திரம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்படி வேலை செய்கிறது.

கடைசியாக, கேரளத்தில் இரும்பன் புளி என்றும் இலும்பி என்றும் சொல்கிற பிலிம்பிக்காய். மரத்தின் அடித்தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். ஊறுகாய்க்கும் மீனுக்கும் நல்ல புளிப்பு. இதன் புளிப்பில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. இரண்டு கார்பாக்சில்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, ஒன்று மற்றதன் சுமையை இழுத்துக்கொள்வதால் முதல் ஹைட்ரஜனுக்கு 1.25. சமையலறைக்குள் வருகிற கார்பாக்சிலிக் அமிலங்களில் இதை விட வலியது எனக்குத் தெரிந்து இல்லை. இடையில் ஒரு கரியை வைத்தால் 2.85, இரண்டு வைத்தால் 4.21 என்று சட்டென்று மெலிந்துவிடும். அண்டைவீட்டுக் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் பிலிம்பியால் வரும் ஆபத்து அந்த 1.25-ஆல் வருவதில்லை. ஹைட்ரஜன் போனபின் நிற்கும் ஆக்சலேட், கால்சியத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு கரையாத படிகமாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். கொலஸ்டிரால் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பிலிம்பிக்காயை அரைத்துச் சாறாக வெறும் வயிற்றில் குடித்தவர்கள் கேரளத்தில் பலர். அப்படிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்த 10 பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-ல் சிறுநீரகவியல் இதழில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. குழம்பில் நாலு துண்டு போடுவது வேறு, டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர்களும், இந்தச் சாற்றை யார் எவ்வளவு நல்லதென்று சொன்னாலும் தொடக் கூடாது.